பெயரில்லாத சேட்டன்

உ
பணகுடி
15-6-1997

அன்புள்ள தங்கச்சி பொன்செல்விக்கு,

அக்கா முத்தாரம்மாள் எழுதுவது. நானும் உன் அத்தானும் அம்மாவும் இருக்கிறபடி இருக்கிறோம். காற்று தொடங்கியதும் அம்மாவுக்கு இளைப்பு கூடிவிட்டது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஹாஸ்டல் சோறு இப்போதாவது தொண்டையில் இறங்குகிறதா?

ஒரு சேதி. நம் வீட்டுக்கும் டி.வி. வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ‘ஏழுவீட்டு மருமகள்’ என்று ஒரு நாடகம் போடுகிறார்கள். அந்த மருமகள் பதின்மூன்று வாரமாக வெங்காயம் உரித்துக்கொண்டே அழுகிறாள். ஒருநாளாவது மாமியாரைத் திருப்பி ஒரு வார்த்தை கேட்கிறாளா? நானாக இருந்தால் முதல் வாரத்திலேயே நாடகத்தை முடித்திருப்பேன். அம்மாவுக்கு அந்த மாமியாரைத்தான் பிடித்திருக்கிறது. எப்படி இருக்கும் இங்கே என்று பார்த்துக்கொள்.

நீ அந்தக் கேபிள் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதத்தில் பார்த்த படங்களை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. உன் அத்தான் என்னைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனது கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை. அன்றைக்கும் இடைவேளைக்கு முன்னாலேயே தூங்கிவிட்டார். அதனால் நீ பார்த்ததை எல்லாம் எனக்கு எழுது. கதையை மட்டும் எழுதாதே, உனக்கு என்ன தோன்றியது என்றும் எழுது.

இன்னொன்று. போன கடிதத்தில் ‘அஸ்வதியும் உமாசங்கர் சேட்டனும் நானும் படத்துக்குப் போனோம்’ என்று எழுதியிருந்தாய். அஸ்வதி உன் ரூம்காரி, தெரியும். அது யாருட்டி சேட்டன்? பக்கத்து அரிசி மில்லுக்குப் போன் போட்டுச் சொல்லாதே. அங்கே பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எதுவானாலும் எழுதிப் போடு.

உன் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்து நிற்கும்,
அக்கா முத்தாரம்மாள்


கரமனை, திருவனந்தபுரம்
29-6-1997

அன்புள்ள அக்கா,

நான் நலம். ஹாஸ்டல் மூட்டைப்பூச்சிகளும் நலம். அம்மாவைக் காற்றில் உட்காரவிடாதே. அத்தானுக்கு என் வணக்கம்.

எங்கள் ஆபீசில் நாலு டி.வி. எப்போதும் ஓடும். என் வேலை போன் எடுப்பது. ‘படம் ஆடுது’, ‘சத்தம் வருது, ஆள் வரல்லை’ என்று காலையிலிருந்து கூப்பிடுவார்கள். நோட்டில் எழுதிவைப்பேன். தாசையன் முதலாளி எனக்கு இன்னொரு வேலையும் தந்திருக்கிறார். எங்கள் லோக்கல் சேனலில் வெள்ளிக்கிழமை மத்தியானம் தமிழ்ப்படம் போடுகிறோம். சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் இருக்கிற தமிழ் ஆட்களுக்காக. எந்தப் படம் என்று முடிவு செய்வது நான்! போன வாரம் சோகப்படம் போட்டதற்கு ஒரு பாத்திரக்கடைக்காரர் போன் செய்து, ‘ஏம்மா, வெள்ளிக்கிழமை அதுவுமா எங்களை அழவைக்கணுமா?’ என்று சண்டை போட்டார்.

நீ கேட்டது. இங்கே அண்ணனைத்தான் சேட்டன் என்பார்கள். நம் ஊர் அண்ணாச்சி மாதிரி. மூத்தவர் யாரானாலும் பெயரோடு சேட்டன் சேர்த்துக் கூப்பிடவேண்டும். வெறுமனே சேட்டன் என்றால் சொந்த வீட்டு ஆள் என்று ஆகிவிடும். உமாசங்கர் சேட்டன் எங்கள் கம்பெனி டெக்னீஷியன். போஸ்ட் மரத்திலும் தென்னைமரத்திலும் ஏறி ஒயர் இழுப்பவர். வீடு விழிஞ்ஞம் பக்கம், அம்மா மட்டும் உண்டு. ஆபீசில் எல்லாருக்கும் அவர் உமாசங்கர் சேட்டன்தான்.

நாங்கள் பார்த்த படம் ‘கடைசி பஸ் ஒன்பதரை’. ஊரைவிட்டுப் போக இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள். பெண்ணின் அண்ணன் வந்து அழுகிறான். உடனே கதாநாயகன் பெரிய மனிதனாகி, அவளை அண்ணன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தனியாக பஸ் ஏறிப் போகிறான். தியேட்டரில் எல்லாரும் கைதட்டினார்கள். உமாசங்கர் சேட்டனுக்குக் கோபமான கோபம். வெளியே வந்தும் அடங்கவில்லை. ‘அவளோடு ஆரெங்கிலும் சோதிச்சோ?’ என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று. நானும் அதுவரை கைதட்டியவள்தான். அப்புறம் வெட்கமாகப் போயிற்று.

நீ என்ன நினைக்கிறாய்?

அன்புடன்,
பொன்செல்வி


உ
பணகுடி
20-7-1997

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மூச்சு தேவலை. உனக்கு அரிசிமுறுக்கு ஒரு டப்பா, நாகர்கோவில் பஸ்ஸில் வரும் பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் மருமகனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள். பாதி உனக்கு, பாதி உமாசங்கருக்கு.

உன் கடிதம் கண்டபிறகு எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. அண்ணனாக ஒருத்தன் அங்கே இருக்கிறான் என்றால் எனக்கு என்ன கவலை? நமக்குத்தான் கூடப்பிறந்தவன் இல்லாமல் போயிற்று. என் கல்யாணம் உனக்கு நினைவிருக்காது, சின்னப்பிள்ளை. பெண்ணின் கையில் பொரி அள்ளிப் போடச் சகோதரன் வேண்டும் என்று ஐயர் கேட்டார். பெரியப்பா மகனைக் கூட்டிவந்தோம். அவனுக்கு எடுத்த வேட்டியில் கரை சின்னது என்று கோபித்துக்கொண்டு காப்பிக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டான். முகூர்த்தம் தப்பப் பார்த்தது. அப்பா மண்டபத்து வாசலில் நின்று அவனைக் கும்பிட்டதை நான் மணையில் இருந்து பார்த்தேன். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பஸ் படம் பற்றிக் கேட்டாய். அவன் செய்தது சரிதான் போ. அண்ணன் அழும்போது பஸ் ஏறுகிறவளும் ஒரு பெண்ணா? இருந்தாலும் உமாசங்கர் கேட்டதும் மனதில் உறுத்துகிறது. கறி நறுக்கும்போது இரண்டு தடவை நினைத்தேன்.

காற்றடிக்கிற நாளில் ஆன்டெனாவைத் திருப்பினால் உங்கள் திருவனந்தபுரம் ஸ்டேஷன் வருகிறது. ‘ஜானகியுடெ வீடு’ என்று ஒரு மலையாள நாடகம் பார்க்கிறேன். பாதி புரிகிறது, பாதி புள்ளிபுள்ளியாக வருகிறது. அடுத்த வீட்டில் ரகு சேட்டன் என்று அந்த ஜானகிக்கு ஒரு அண்ணன். தங்கமான பிள்ளை. அவளுக்குக் கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தருகிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் உமாசங்கர் இப்படித்தான் இருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

மறக்காமல் பதில் போடு.
முத்தாரம்மாள்


கரமனை
17-8-1997

அன்புள்ள அக்கா,

எனக்கு இருமல் இருந்தது, விட்டுவிட்டது. நீங்கள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?

முறுக்கு ஒரே நாளில் தீர்ந்தது. உமாசங்கர் சேட்டன் தன் பங்கை அம்மாவுக்குக் கொண்டுபோனார். அந்த அம்மாவுக்குப் பல் போதாதாம், சாயாவில் நனைத்துத் தின்றார்களாம்.

அஸ்வதிக்குக் காய்ச்சல் என்பதால் போன ஞாயிறு நாங்கள் இரண்டு பேர் மட்டும் மேட்னி போனோம். மலையாளப் படம். பொன்முடியில் எடுத்தது. மூடுபனி, மலை, வளைவு வளைவாக ரோடு. கதை என்று ஒன்றும் இல்லை. ஒரு பஸ் கண்டக்டர், எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிற ஒரு பெண். இரண்டு மணி நேரத்தில் அவர்கள் பேசுவது பத்து வார்த்தை இருக்கும். அக்கா, நமக்கு ஒரு படம் பிடிக்கவேண்டும் என்றால் அதில் யாராவது பேசிக்கொண்டே இருக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். இந்தப் படத்தில் அவன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது என் கை வேர்த்துவிட்டது. உமாசங்கர் சேட்டன் பாதி நேரம் திரையைப் பார்க்காமல் ஆட்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால், ‘ஒயர் இழுக்குந்ந ஞான், அது எவிடெ சென்னு சேருந்நு என்னு நோக்கண்டே?’ என்கிறார். ஒயர் இழுக்கிறவன் அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கவேண்டாமா என்று.

ஜானகி நாடகத்தில் புள்ளிபுள்ளியாக வருகிற இடத்தைக் கேட்டு எழுது. நான் இங்கே தெளிவாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பொன்செல்வி


உ
பணகுடி
12-10-1997

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லாரும் க்ஷேமம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

நல்ல சேதி. வள்ளியூரில் இருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் ராமசுப்ரமணியன், பள்ளிக்கூட வாத்தியார். உன் அத்தானுக்குச் சுற்றி வளைத்துச் சொந்தம். வெற்றிலைகூடப் போடமாட்டார். சினிமா கிடையவே கிடையாது. அவர்கள் வீட்டில் டி.வி.யே இல்லையாம், படிக்கிற பிள்ளைகளுக்குக் கெடுதல் என்று. உனக்கு முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும். போகப்போகப் பழகிவிடும். தை பிறந்ததும் பெண் பார்க்க வரச் சொல்லட்டுமா? அம்மாவுக்கு இப்போதே இளைப்பு பாதி குறைந்துவிட்டது.

எனக்கு இதில் இன்னொரு சந்தோஷம். உன் கல்யாணத்தில் பொரி போட யார் காலையும் பிடிக்கவேண்டாம். இதோடு உமாசங்கருக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராதுதானே. நீயே வாசித்துக் காட்டு. ஒரு வரி விடாமல் வாசி.

முத்தாரம்மாள்

[உடன் வைத்த தாள்]

தம்பி உமாசங்கருக்கு, பொன்செல்வியின் அக்கா எழுதுவது. உன்னையும் உன் அம்மாவையும் முருகன் நன்றாக வைத்திருக்கட்டும். எங்களுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. நீ அங்கே இவளுக்கு அண்ணனாக இருக்கிறாய் என்பதால்தான் நான் இங்கே நிம்மதியாக இருக்கிறேன். இவள் கல்யாணத்தில் இவள் கையில் பொரி அள்ளிப் போட நீதான் வரவேண்டும். உனக்கு அகலக் கரை போட்ட வேட்டியாக எடுத்துவைக்கிறேன். மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.


கரமனை
23-11-1997

அன்புள்ள அக்கா,

நான் இருக்கிறேன். பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள். இங்கே ஐப்பசியில் பிடித்த துலா மழையில் கேபிள் எல்லாம் அறுந்து, போன் ஓயவில்லை. அம்மாவுக்கு எப்படி இருக்கிறது?

உன் தாளை வாசித்துக் காட்டினேன். ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து. ஒரு வரி விடவில்லை. பொரி என்றால் என்ன என்று சேட்டன் கேட்டார். சொன்னேன். யார் போடுவது என்று கேட்டார். சொன்னேன். அப்புறம் தாளை என்னிடமிருந்து வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆற்றுக்கால் பக்கம் ஒயர் அறுந்துகிடக்கிறது என்று எழுந்து போய்விட்டார். மழை நிற்கவே இல்லை. குடை எடுத்துப் போகவில்லை சேட்டன்.

இரண்டு படம் பார்த்தேன். ஒன்றில் பேய் வந்தது. இன்னொன்றில் யாரோ இரட்டைப்பிள்ளை, ஒருவன் போலீஸ், ஒருவன் திருடன், எவன் செத்தான் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பாட்டு நன்றாக இருந்தது. பேய்ப் படத்தில்தான் பாட்டு என்று நினைக்கிறேன்.

வாத்தியாருக்கு ஏன் சினிமா பிடிக்காது? யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா? ஒரு படம்கூடவா பார்த்ததில்லை? தை மாதம் ஆபீசில் லீவு கிடைப்பது கஷ்டம், அக்கா. கொஞ்சம் தள்ளிவையேன்.

பொன்செல்வி


உ
பணகுடி
21-12-1997

தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். உனக்குத்தான் என்னவோ ஆகியிருக்கிறது. போன கடிதத்தில் சினிமாக்கதை தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் கிடந்தது. நான் இரண்டு தடவை வாசித்தும் திருடன் எவன், பேய் எவன் என்று பிடிபடவில்லை.

அதைவிடு. நான் வயிறெரிந்து எழுதுகிறேன். ஜானகியுடெ வீட்டில் என்ன நடந்தது பார்த்தாயா? ஜானகி அந்த ரகு சேட்டனையே கட்டிக்கொண்டாள்! அண்ணன் அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிட்டவனை! மாலை போடும்போது நான் ‘ஐயோ, ஐயோ’ என்று கத்தினேன். உன் அத்தான் ஏதோ பாம்பு வந்துவிட்டது என்று கம்பை எடுத்துக்கொண்டு வந்தார். அதிலும் அந்தச் சிறுக்கி, நேற்றுவரை ‘ரகு சேட்டா’ என்றவள், தாலி ஏறிய மறுநாள் வெறும் ‘சேட்டா’ என்கிறாள், காப்பியை நீட்டிக்கொண்டு. தூ! இதை எழுதியவன் கையில் கரண்டியைக் காய்ச்சி வைக்கவேண்டும். அண்ணன் தங்கை உறவைக் கொச்சைப்படுத்துகிறவன் உருப்படுவானா? இனி உங்கள் ஸ்டேஷன் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பமாட்டேன்.

தையில் லீவு இல்லை என்றால் மாசியில் வரச்சொல்கிறேன். அதற்குமேல் தள்ளினால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். உமாசங்கர் வருவானா மாட்டானா? ஒரு வார்த்தை எழுத இத்தனை கஷ்டமா அவனுக்கு?

முத்தாரம்மாள்


கரமனை
4-1-1998

அக்கா,

சுகமாக இருக்கிறாயா?

ஜானகியைத் திட்டாதே. இங்கே அண்ணனையும் சேட்டன் என்பார்கள், கட்டிக்கொண்டவனையும் சேட்டன் என்பார்கள். இது அவர்கள் வழக்கம். அவள் யாரையும் ஏமாற்றவில்லை. அந்தப் பாஷையில் இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான் இருக்கிறது, அவள் என்ன செய்வாள்? முதலில் ஒரு அர்த்தத்தில் கூப்பிட்டிருப்பாள். எந்த நாளில் இன்னொரு அர்த்தம் ஆயிற்று என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

நான் மூன்று வாரமாகப் படம் ஒன்றும் பார்க்கவில்லை. கூட வர ஆள் இல்லை.

பொன்செல்வி


உ
பணகுடி
1-2-1998

பொன்செல்விக்கு,

அம்மாவும் உன் அத்தானும் நலம். எனக்கு நலம் ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அரிசி களையப் போனேன். பாதியில் கையை உதறிவிட்டு வந்து, உன் பழைய கடிதங்களை எல்லாம் பீரோவில் இருந்து எடுத்துத் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். ஆவணிவரை உமாசங்கர் சேட்டன், உமாசங்கர் சேட்டன், உமாசங்கர் சேட்டன். கார்த்திகையில் மாடிப்படியில் உட்கார்ந்தது யார்? சேட்டன். குடை இல்லாமல் போனது யார்? சேட்டன். பெயர் எங்கேட்டி போச்சு?

வெறுமனே சேட்டன் என்றால் சொந்த வீட்டு ஆள் என்று நீதான் எழுதியிருக்கிறாய். உனக்குச் சொந்த அண்ணன் இல்லை. அப்படியென்றால் மிச்சம் என்ன? எனக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்றுவரை உன் அத்தான் பெயர் என் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வேன். ஒருத்தி எப்போது ஒருத்தன் பெயரை விழுங்குவாள் என்று எனக்குத் தெரியாதா?

நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் தாங்கவில்லை. உன்மேல் வந்ததைவிட என்மேல் வந்தது அதிகம். தம்பி, தம்பி என்று எழுதி, அகலக் கரை வேட்டி எடுக்கிறேன் என்று எழுதி, அதை உன் கையிலேயே கொடுத்து, வாசி என்று சொல்லியிருக்கிறேன். நீயும் வாசித்திருக்கிறாய். எப்படிட்டி வாசித்தாய்? சிரிப்பு வரவில்லையா உங்கள் இரண்டு பேருக்கும்? வள்ளியூர்க்காரர்கள் மாசிக் கடைசியில் வருகிறார்கள். அம்மா தலையணை உறைகூடத் துவைத்துப் போட்டுவிட்டாள்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் எழுது. ஆமாவா, இல்லையா?

முத்தாரம்மாள்


கரமனை
6-2-1998

அக்கா,

ஆமாம்.

சிரிக்கவில்லை, அக்கா. என்னை எதற்கு வேண்டுமானாலும் திட்டு, அதற்குத் திட்டாதே. ‘கூடப்பிறந்தவன் இல்லை’ என்கிற வரிவரை வாசித்தேன். அதற்குமேல் எழுத்து தெரியவில்லை. சேட்டன் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். மிச்சத்தையும் வாசித்தேன். நான் முடித்ததும், ‘உன் சேச்சி இத்தனை நம்பி எழுதியிருக்காங்க. நான் நேரே வந்து அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்றேன்’ என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். நான் வேண்டாம் என்றேன். அம்மாவின் இளைப்பு, அத்தானின் கோபம், நீ மணையில் இருந்து அப்பாவைப் பார்த்தது எல்லாம் சொன்னேன். நான் சொல்லிக்கொள்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். டிசம்பர்வரை பொறுத்தார். அப்புறம், ‘நீ சேச்சியிடம் பொய் சொல்லிவிட்டு என்கூட சினிமாவுக்கு வரவேண்டாம்’ என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஆபீசில் நோட்டைப் பார்த்து, புகாரைக் குறித்துக்கொண்டு போய்விடுகிறார். உன் தாள் இன்னும் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. அவருக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் வைத்திருக்கிறார்.

எனக்கு அவர் வேண்டும், அக்கா. வாத்தியார் நல்லவராக இருக்கலாம். எனக்கு இவர்தான் வேண்டும். இதை உன்னிடம் ஜூலையிலேயே சொல்லியிருக்கவேண்டும். பயந்தேன்.

பொன்செல்வி


கரமனை
4-3-1998

அன்புள்ள அக்கா,

அம்மா எப்படி இருக்கிறாள்? நீ எப்படி இருக்கிறாய்? ஒரு மாதமாகத் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே ஓடுகிறேன். ஹாஸ்டலில் சரோஜம் மேட்ரன்கூடக் கேட்டுவிட்டார்கள், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று.

‘ஏழுவீட்டு மருமகள்’ எங்கள் கேபிளிலும் வருகிறது. நேற்று அந்த மருமகள் கடைசியில் மாமியாரைத் திருப்பிக் கேட்டுவிட்டாள். வெங்காயத்தைத் தரையில் வீசிவிட்டுக் கேட்டாள். நீ பார்த்தாயா? பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டே போனை எடுக்க மறந்துபோனேன்.

வருகிற வாரம் ஆற்றுக்கால் பொங்காலை. பொம்பிளைகள் பொங்கல் வைக்க ஊரெல்லாம் ரோட்டோரம் அடுப்புக்கல் வந்துவிட்டது. எனக்கு லீவு இல்லை, நேரடியாகக் காட்டுகிறோம்.

திட்டியாவது எழுது.

பொன்செல்வி


உ
பணகுடி
18-3-1998

அன்புள்ள தங்கச்சி பொன்செல்விக்கு,

அம்மாவுக்கு இளைப்பு இருக்கிறது, சண்டை போடும் அளவுக்குத் தெம்பும் இருக்கிறது. உன் அத்தான் என்னோடு பேசுவதில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் கீழே எழுதியிருக்கிறேன்.

பொங்காலைக்கு நான் வந்திருந்தேன். பிச்சம்மாளும் நானும் முதல்நாளே பஸ் ஏறிவிட்டோம். கும்பிடத்தான் வந்தேன் என்று பிச்சம்மாளிடம் சொன்னேன். உன் கம்பெனி போர்டைத் தேடிக் கண்டுபிடித்து அதற்கு நேர் எதிரே அடுப்புப் போட்டேன். நீ கண்ணாடிக்கு உள்ளே போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மெலிந்துபோயிருக்கிறாய். எழுந்து வந்து கூப்பிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். கூப்பிட்டால் உன் முகத்தைப் பார்த்து நான் உருகிவிடுவேன், அப்புறம் வந்த வேலை கெட்டுவிடும். அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் கம்பெனியில் பொம்பிளைகளுக்கு மோர் கொடுத்தார்கள். தோளில் ஒயர்ச் சுருளோடு ஒருத்தன் வந்து ஊற்றினான். என் அடுப்பு புகைவதைப் பார்த்துவிட்டு, குனிந்து செங்கல்லைத் தள்ளிவைத்து விறகைச் சரிசெய்தான். சட்டைப்பையில் மடித்த தாள் ஒன்று எட்டிப்பார்த்தது. நான் இங்க்கை ஒழுகவிட்டு எழுதிய என் தாள். எனக்குத் தெரியாதா?

‘தம்பி, சினிமா எல்லாம் பாப்பியா?’ என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். ‘மூணு மாசமாயிட்டு இல்லை, சேச்சி. கூட்டில்லாதெ எந்து சினிமா?’ என்றான். துணை இல்லாமல் என்ன சினிமா என்று. சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். அவன் ஏணியை எடுத்துக்கொண்டு போகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பொங்கல் பொங்கி வழிந்ததைப் பிச்சம்மாள்தான் சொன்னாள். இப்படி ஒரு காட்சி நாடகத்தில் வந்தால் கதை விடுகிறான் என்று நானே திட்டியிருப்பேன்.

ஊருக்கு வந்ததும் வள்ளியூர்க்காரர்களுக்கு, பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன் அத்தான் கத்தினார். யாரைக் கேட்டுச் சொன்னாய் என்றார். அவளைக் கேட்டுத்தான் சொன்னேன் என்றேன். பஸ் படத்தில் யாரும் கேட்கவில்லை, நான் கேட்டேன், அவள் ஆமாம் என்று எழுதியிருக்கிறாள் என்றேன். அவருக்குப் பஸ்ஸும் புரியவில்லை, படமும் புரியவில்லை. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், ‘அந்தப் பையனுக்கு முறுக்கு பிடிக்குமாமே?’ என்று கேட்டாள். அத்தான் வழிக்கு வர நாளாகும். வருவார். வராவிட்டாலும் சோறு என் கையால்தானே.

உன் ஆளைக் கூட்டிக்கொண்டு வா. ஒளிந்து வரவேண்டாம், பகல் பஸ்ஸில் வா. அவர் அம்மாவையும் கூட்டி வா. வேட்டி எடுத்தாகிவிட்டது, கரை நாலு விரல் அகலம். மாப்பிள்ளைக்கு என்றாலும் அதே கரைதான்.

ஒன்றுதான் பாக்கி. பொரி போட வைத்திருந்த ஆளை நீ மணையில் உட்காரவைத்துவிட்டாய். பெரியப்பா மகனை நான் கூப்பிடமாட்டேன், செத்தாலும் கூப்பிடமாட்டேன். உன் கையில் பொரியை நானே போடுகிறேன். பொம்பிளை போடக்கூடாது, பெண்ணுக்குச் சகோதரன் எங்கே என்று ஐயர் கேட்பார். கேட்கட்டும், எனக்குப் பதில் தெரியும். நீ அன்றைக்குப் பக்கத்தில் இருந்து குழப்பிவிடாதே. உனக்கு இப்போது அந்த வார்த்தை இரண்டு ஆகிவிட்டது. அவரைப் பெயரில்லாமல் கூப்பிட்டுக்கொள். என்னை மட்டும் பெயர் சேர்த்துத்தான் கூப்பிடவேண்டும்.

இப்படிக்கு,
முத்தாரம்மாள் சேட்டன்